அசுவினிக்கு ஒரு கஷாயம்

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமி. கொல்லையில் என் கணவர் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தார். ஆபீஸ் ஃபைல்களைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கமாட்டார். கொடியின் நுனியெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி மொய்த்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் மருந்துப் பொடி வாங்கலாமே என்றேன்.

"விஷத்தைத் தூவின காயை நீ திம்பியா? மூலிகை இருக்கறப்போ விஷம் எதுக்கு?"

வேப்பிலை, நொச்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் என் அம்மியிலேயே வைத்து அரைத்தார். மறுநாள் தேங்காய்த் துவையல் கசந்தது. உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஊறுகாய் தொட்டுக்கொண்டார்.

கோமியமும் வேண்டுமாம். வாசலில் மாட்டை நிறுத்திப் பால் கறப்பவரிடம் சொம்பை நீட்டினார்.

"இன்னா சார், பால் வாணாமா? இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"பூச்சிக்குப்பா."

பால்காரர் அவரை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எல்லாம் ஒரு பானையில் ஒரு வாரம் ஊறியது. மூடியைத் திறந்தபோது கொல்லையில் படுத்திருந்த தெருநாய் எழுந்து போய்விட்டது. இவர் மட்டும் வடிகட்டி, பக்தியோடு தெளித்தார். கடல் காற்று அந்த மணத்தைச் சிந்தாமல் சிதறாமல் மாடிக்குக் கொண்டுபோனது.

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன நாத்தம் இது? எங்காத்துல சாதத்தைப் போட்டுண்டு சாப்பிட முடியாம ஒக்காந்துண்டிருக்கோம்!"

"மூலிகை, மாமி. நாலு நாள்ல பழகிடும்."

யாருக்கும் பழகவில்லை. ஆனால் அசுவினி நிஜமாகவே குறைந்தது. இவர் என்னைப் பந்தலுக்கு இழுத்துப்போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிக் காட்டினார்.

சில நாள் கழித்து மாமி படியிறங்கி வந்தார். மாடித் தொட்டியில் அவர் வளர்த்த செம்பருத்தி மொட்டெல்லாம் கறுப்பாக மொய்த்திருந்ததாம்.

"உங்காத்துப் பூச்சியையெல்லாம் எங்காத்துக்கு ஓட்டிவிட்டுட்டேளே!"

வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். இவர் முகத்திலோ பதவி உயர்வு வந்த பூரிப்பு. மிச்சமிருந்த கஷாயத்தை ஒரு வாளியில் ஊற்றிக் கொடுத்தார். கையை எட்டின மட்டும் நீட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு மாமி படியேறினார்.

அன்று சாயங்காலம் மாடியில் தெளித்த கஷாயத்தின் நாற்றம் எங்கள் கூடத்துக்குள் இறங்கியது. இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார்.

"இந்த மாமிக்கு அளவே தெரியலை," என்றார்.