இரண்டு பூட்டுத் தொங்கிய கோயிலில் ஒரு சனிக்கிழமை

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகரைப் பற்றி எங்கள் போத்தனூர் சபைப் பெண்களிடம் பேச ஒப்புக்கொண்டது என் தப்பு. புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்க மனமில்லை. அவர் ஏற்படுத்திய வாராந்திரச் சிறு கூடுகை தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

சிங்காநல்லூரில் காலை 6.10க்குப் பேருந்து. பல்லடத்தில் டீ குடிக்க இறங்கிய நடத்துனர் இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். (டீயா, விருந்தா?) தாராபுரம் சேரும்போது 9.05. அங்கிருந்து கிராமம் 11 கிலோமீட்டர். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் அடுத்தது பத்தரைக்கு. ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார்.

"ஏனுங்க, பதினோரு கிலோமீட்டருக்கா?"

"நான் காலியாத் திரும்பி வரோணுமுங்களே!"

போய் இறங்கினால் கோயில் (சர்ச்சுக்கு அங்கே அதுதான் பேர்) பூட்டியிருக்கிறது. அதுவும் இரண்டு பூட்டு! நிர்வாகச் சண்டையில் இரண்டு கோஷ்டி, ஆளுக்கொரு பூட்டாம். எட்டு மாதமாக இப்படித்தானாம். கோயிலுக்குள் பேச விடாதபோது வயல்வெளியில் நின்று சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கம் செய்தவர் அந்த இங்கிலாந்துப் போதகர். அவர் வழி என்று சொல்லிக்கொண்டு பூட்டுகிறார்கள்.

வாசல் வேப்பமரத்தடியில் ஏழு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க அம்மணி" என்று இடம் விட்ட ரூத், ஒரு கோஷ்டித் தலைவரின் மனைவி. எதிரே இருந்த எஸ்தர், மற்ற கோஷ்டித் தலைவரின் மனைவி. இந்த வாரம் மனசு எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கூடுகை. என் முறை வந்தது. "காலையில இருந்து எல்லார் மேலயும் எரிச்சலா இருக்கேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ரூத். "எஸ்தரக்கா மாமியார் தவறினப்ப, சவத்தை உள்ள கொண்டுபோக எங்க ஊட்டுக்காரர் சாவி தரலைங்க. சாவி இருந்த எடம் எனக்குத் தெரியும். வாயைத் தொறக்காம இருந்துபோட்டேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியைப் பாயில் வைத்தார்.

எஸ்தர் அந்தச் சாவியை எடுத்துப் பார்த்தார். "அரை மணி நேரம் பொட்டியை வெயில்ல வெச்சிருந்தோம் ரூத்து." பிறகு எழுந்தார். "எங்க ஊட்டுல இருக்கற பூட்டுச் சாவியையும் எடுத்துட்டு வாரேன்."

நான் திரும்பிப் போக நினைத்திருந்த 11.50 பஸ் போய்விட்டது. எஸ்தர் 12.05க்குத்தான் வந்தார். கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம் மூக்கில் அடித்தது. என் கையிலும் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். பாதி கூட்டுவதற்குள் இரண்டு கணவர்களும் இரண்டு பைக்கில் வந்து, யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று ஒருவரையொருவர் முந்திக் கத்தினார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனது எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவையாம்.

எஸ்தர் நிமிரக்கூட இல்லை. "செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. அந்தப் பெஞ்சைத் தூக்கோணும்."

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள்.

சபைகளைப் பார்த்து எனக்கு எப்போதும் வரும் சலிப்பு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போய்ப் பாருங்கள். கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கையோடு வேண்டும். திரும்ப 1.40க்கு பஸ். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு ஆண்கள் பேசுவார்கள். சனிக்கிழமை போங்கள்.