சித்தம்பூண்டியில் கொஞ்சம் நிலா

என் மனைவி சுகன்யா பீளமேட்டில் ஒரு கல்லூரியில் நிலாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவன். அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சூரியனின் எக்ஸ் கதிர்கள் நிலாவின் தரையில் படும்போது, அங்குள்ள அலுமினியம், கால்சியம், சிலிக்கான் ஒவ்வொன்றும் தனக்கே உரிய எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். நிலாவைச் சுற்றும் கருவி அதைப் பிடித்து, கீழே எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, நிலாவைப் போன்ற கல் ஒன்றைப் பூமியில் அளந்து பார்க்க வேண்டும்.

அப்படிச் சித்தம்பூண்டியிலிருந்து வந்து அவளிடம் இருந்த கல்லில் கால்சியம் குறைவாகவே காட்டியது. இந்த அளவீடு மெல்லிய மேல்தோலை மட்டுமே பார்க்கும். வெயிலும் மழையும் தின்ற கல்லாக இருந்தால் ஏமாற்றிவிடுமாம். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்கூட இல்லை. இரண்டு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "கெளம்பு, கல்லு இருக்கற ஊருக்கே போலாம்" என்றேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை காரில் புறப்பட்டோம். அவிநாசி, பெருந்துறை, ஈரோடு வழியாகத் திருச்செங்கோடு. அங்கிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் சித்தம்பூண்டி. ஈரோட்டில் இட்லிக்கு நின்றதையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. போய்வர பெட்ரோல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

சாலையோரக் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், வெளுத்த பாறைகள் தெரிந்ததும் சுகன்யா இறங்கி ஓடினாள். கடலைக்காட்டிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, கல்லுப் பாக்க வந்தீங்களா? திரும்பிப் போயிருங்க."

அவர் முத்தம்மாள், அந்த நிலத்துக்காரர். "போன வருசம் நாலு பேரு மிசினைக் கொண்டாந்து தொளை போட்டாங்க. எதுக்குன்னு சொல்லவே இல்லீங்க. பூமி போயிருமோன்னு எங்கூட்டுக்காரரு இன்னும் நெம்பப் பயந்துட்டு இருக்கறாருங்க."

"நான் தங்கம் கிங்கம் தேட வல்லீங்க" என்றாள் சுகன்யா. "நெலாவுல வெளிச்சமாத் தெரியற எடமெல்லாம் இந்தக் கல்லு மாதிரிதானுங்க. அதை அளக்கறதுதான் எம்பட வேலை."

"அப்ப நெலாவுக்கே போயி எடுத்துக்குங்க அம்மணி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இனி எங்க காட்டுக்கு ஆரும் வரமாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"ஆமான்னு சொல்லிப்போடு" என்று சுகன்யாவின் காதில் கிசுகிசுத்தேன். அவள் கேட்கவில்லை.

"அது என் கையில இல்லீங்க. ஆனா உங்க கல்லுல என்ன இருக்குதுன்னு மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். வேற ஆராச்சும் வந்தா கூப்பிடுங்க, வாரேன்."

முத்தம்மாள் வரப்புக்கு ஏறி வந்தார். பிறகு, "பாறையை ஒடைக்க வேண்டாம் கண்ணு. கெணறு ஆழப்படுத்துனப்ப வந்த கல்லு அங்க குமிஞ்சு கெடக்குது, அள்ளிக்க" என்றார்.

மண்ணுக்கு வெகு கீழேயிருந்து வந்த கற்கள். ஒன்றை உடைத்ததும் உள்ளே பழுதில்லாத வெள்ளை. சுகன்யா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்திருந்ததில்லை; அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. கால்சியம் கணக்கோடு பொருந்திவிட்டது. வழிகாட்டும் பேராசிரியருக்குக்கூடச் சொல்லாமல் அவள் முதலில் முத்தம்மாளை அழைத்தாள். அலுமினியமும் கால்சியமும் சிலிக்கானும்தான் நிறைய என்றாள்.

"நல்லதுங்க அம்மணி. எங்கூட்டுக்காரருகிட்டயும் ஒருக்கா சொல்லிருங்க" என்று அவர் போனைக் கணவரிடம் கொடுத்தார். சுகன்யா முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: மழை முடிந்து மார்ச்சுக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். பேருந்து என்றால் திருச்செங்கோட்டில் இறங்கி மாறுங்கள். பாறைகள் எல்லாம் யாரோ ஒருவரின் காட்டில்தான் இருக்கின்றன. எதற்கு வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். உங்கள் கையில் இல்லாததைக் கேட்டால் கையில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சுகன்யா அப்படிச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் முத்தம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தார்.