வேணியின் இடது கன்னம்

வேணியால் கண்ணாடியை விட்டு விலக முடியவில்லை. பல் தேய்க்கப் போன இடத்தில் பார்த்தாள், பீரோவில் பார்த்தாள், பால் காய்ச்சும்போது எவர்சில்வர் மூடியில்கூடப் பார்த்தாள். வலது கன்னம் சரியாக இருந்தது. இடது கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது. நாளை மறுநாள் மகள் விஜயஸ்ரீக்குப் பூ வைக்க நாங்குநேரியிலிருந்து வருகிறார்கள்.

திருநெல்வேலி டவுனில் பஸ் ஏறி, ஆற்றுப்பாலம் கடந்து, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறவள் வேணி. போன வருடம் சர்க்கரை ஏறி ஆறே மாதத்தில் பதினாலு கிலோ இளைத்தாள். மாத்திரையில் சர்க்கரை இறங்கியது, முகம் மட்டும் திரும்பி வரவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுனியாட்டி?" என்று கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. சித்திரையில் பெண் பார்த்துப் போன ஒரு வீட்டார், "அம்மைக்கு உள்ள என்னமோ பெரிய சீக்கு, மறைக்காங்க" என்று தரகரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

இந்தச் சம்பந்தமும் தன் முகத்தால் போய்விடக் கூடாது என்றுதான் இரண்டு நாளைக்கு முன்னால் தோல் டாக்டர் அஃப்ராவிடம் போனாள்.

"வத்திப்போன இடத்துல ஊசி வழியா ஒரு ஜெல்லு வைப்போம். கன்னம் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பழைய வயசு திரும்பாது" என்றார் டாக்டர். "ஒரு வருசம், கூடுனா ஒன்றரை வருசம் நிக்கும். பெறகு பைய கரைஞ்சிரும். மொத ரெண்டு மூணு நாள் வீங்கும், ரத்தம் கட்டும். ரெண்டு வாரம் கழிச்சுத் தெரியுததுதான் கணக்கு. வீட்ல விசேஷம் ஏதும் இருக்கா?"

"அடுத்த மாசம்" என்றாள் வேணி. விசேஷம் நாலே நாளில் இருந்தது. சொன்னால் ஊசி போடமாட்டார்கள் என்று பயம்.

மரத்துப்போகக் களிம்பு தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி எறும்பு கடித்த மாதிரிதான். உள்ளே ஏதோ நகர்ந்தபோதுதான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து பார்த்தபோது குழி இல்லை. "ரெண்டு வாரம் முகத்த அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது. தோல் வெளுத்தா, வலி ஏறுனா, கண்ணு மங்குனா எந்நேரமானாலும் கூப்பிடணும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மறுநாள் காலை, ஊசி இறங்கிய இடம் இடது கன்னத்தில் நாவல்பழ நிறத்துக்குக் கறுத்திருந்தது. மஞ்சள் பூசினால் மூடிவிடும் என்று நினைத்தாள். நாற்பது வருடமாகக் கை அறிந்த வேலை. கல்லில் மஞ்சளை உரசி, எப்போதும் போல அழுத்தித் தேய்த்தாள். பாதியில்தான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் கன்னம் வீங்கிவிட்டது.

"டாக்டருக்குப் போன் போடும்மா" என்றாள் விஜயஸ்ரீ, அடுத்த நாள் காலை பீரோ முன்னால் நின்றவளிடம்.

"விசேஷம் அடுத்த மாசம்னு சொல்லி வச்சிருக்கேனேட்டி."

"அவங்க என்ன பத்திரிகையா கேக்கப் போறாங்க? போடு."

டாக்டர் நேரில் வரச் சொன்னார். கன்னத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தேய்த்த கோளாறுதான், ஒரு வாரத்தில் வடியும் என்றார்.

"ஒரு வாரம் இல்ல டாக்டர். நாளன்னைக்கே விசேஷம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னுருப்பேன்" என்றார்.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளை குமரகுருபரனை வளர்த்த அத்தை பிரம்மநாயகி, பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசிப் பிடித்தால்தான் அந்த வாழையிலை பிரியும். வேணி இடது கன்னத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தே காபி கொடுத்தாள், சுவர்ப்பக்கமே நின்றாள்.

"மதினி, இங்கன வந்து உக்காருங்க. நீங்க பிடிக்காட்டாலும் சுவரு நிக்கும்" என்றாள் பிரம்மநாயகி. வேணி உட்கார்ந்ததும் உற்றுப் பார்த்தாள். "கன்னத்துல என்ன? பல்லு எடுத்தியளா?"

ஆமாம் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பல் என்று சொன்னால், பின்னால் ஜெல் கரைந்து கன்னம் ஒட்டும்போது வேறொன்று சொல்ல வேண்டியிருக்கும். பிறகும் பெரிய சீக்கு என்றுதான் பேசுவார்கள்.

"பல்லு இல்ல மதினி. சுகர் வந்து எளச்சுட்டேன். ஒட்டுன மொகத்தப் பாத்து ஒரு எடம் விட்டுப்போச்சு. அதான் ஊசி போட்டுக் கன்னத்த நெரப்புனேன். தேய்க்காதன்னாங்க, மஞ்சள் தேச்சு வீங்கிட்டு. வேற சீக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் பாத்த சீட்டு பீரோல இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

வேணியின் கணவர் நடராஜ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிரம்மநாயகியின் விரல் பொட்டலத்து நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஊசி எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"ஒரு வருசம்னாங்க."

"கல்யாணம் தையில. போதும்." நூலை இழுத்து அறுத்தாள். "எனக்கும் சுகர்தான், பன்னெண்டு வருசமா. நம்ம ரெண்டு பேரு சீட்டையும் எடுத்துப் படிச்சா பூ வாடிரும். ஏட்டி விஜயா, இங்கன வா."

பூ வைத்து முடித்து, பழக்கத்தில் இரண்டு கையையும் வேணியின் கன்னத்துக்கு நீட்டினாள், திருஷ்டி கழித்து நெட்டி முறிக்க. வேணி சட்டென்று பின்வாங்கினாள்.

"இன்னும் பத்து நாள் தொடக் கூடாது மதினி."

கார் கிளம்பியதும் மறுபடி பீரோ முன்னால் போய் நின்றாள். கன்னம் வடியவில்லை. விரல் தானாக மேலே போயிற்று. பாதியில் இழுத்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.