எங்கள் வீட்டுக் குளத்துக்கு வந்த தவளை

இது இப்படித்தான் முடியும் என்று குழி வெட்டிய அன்றே மனசுக்குள் சொன்னவன் நான்.

ராயபுரத்திலேயே தவளைக்கும் தும்பிக்கும் என்று வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டிய முதல் ஆள் நான்தான். அடியில் சிமெண்டு பூசவில்லை. மண்ணில்தான் உயிர் இருக்கிறது என்று தெருவுக்கே பாடம் எடுத்தேன். சேவூர்க் கிணற்றுத் தண்ணீரை லாரியில் வரவழைத்து ஊற்றி, அல்லி நட்டேன்.

ராத்திரி பெய்த மழையில் ஊர்ப் பட்டறைகள் விட்டு மண்ணுக்கடியில் தங்கிக் கிடந்த சாயம் ஊறி மேலே வந்துவிட்டது. இன்று காலை குளமே ரோஸ் கலர். அல்லி இலைகள் வெந்த கீரை போலக் கிடந்தன.

அடுத்த லோடு கொண்டுவந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, சாயப்பட்டறை போட்டுட்டீங்களா?"

"எக்ஸ்போர்ட் கலருங்க" என்றேன்.

"பத்து லோடு ஊத்துனாலும் இதேதானுங்ண்ணா. மண்ணே குடிச்சு வெச்சிருக்குது. மூடிப்போடுங்க."

மண்வெட்டியை எடுத்தேன். என் மனைவி சரசு கரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மூடாதீங்க. போன வாரம் நீங்க பார்த்த தவளை திரும்பி வந்தா எங்கீங்க போகும்?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, தவளை எதுவும் வரவில்லை. அன்று அவள் முகம் வாடியிருந்ததால் நானாகச் சொன்னது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமானவர்கள் மட்டும் பதில் போடுங்கள்.