திரையில் இல்லாத பொத்தான்

எறணாகுளத்தில், கலூர்ப் பகுதியில் ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. மீனவர்கள் கடலில் கையோடு வைத்துக்கொள்ளும் ஒரு கருவிக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். திரையில் சிவப்பாக ‘உதவி’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால், படகு எங்கே நிற்கிறது என்று அக்கம்பக்கத்துப் படகுகளுக்குச் செய்தி போகும். படகின் இடம் கருவிக்கே தெரியாத நேரத்தில் பொத்தான் வேலை செய்யாது. அப்போது அதை என்ன செய்வது?

சாம்பல் நிறமாக்கி அங்கேயே விட்டுவைக்கலாம் என்றார் உடன் வேலை பார்த்தவர்.

“வேலை செய்யாததை எதுக்குக் காட்டணும்? எடுத்துரலாம். திரை சுத்தமா இருக்கும்” என்றேன் நான். என் பேச்சுதான் எடுபட்டது.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு படகுகளில் சோதனைக்குக் கிளம்பினோம். முன்னால் போன படகில் உடன் வேலை பார்த்தவர். பின்னால் நான். என் படகுக்காரர் கன்னியாகுமரிப் பக்கம் பிறந்து, இளவயதிலேயே இங்கே பள்ளுருத்தியில் குடியேறியவர். நனைந்துவிடும் என்று என் செல்போனைக் கரையிலேயே விட்டுவிட்டேன். அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதொண்ணு போதும் மோளே” என்றார், மகளைக் கூப்பிடுவது போல.

துறைமுக வாயை நெருங்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. முன்னால் போன படகு கண்ணுக்குத் தெரியவில்லை. இருவரும் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினோம். அப்போது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நீரோட்டம் எங்களைக் கப்பல் போகிற வழிக்கு இழுத்துக்கொண்டு போனது.

மழைக்குள்ளிருந்து ஒரு சங்கொலி வந்தது. வயிற்றுக்குள் கேட்பது போன்ற ஒலி.

“கப்பலாக்கும்” என்றார் மெதுவாக. “வல்லார்பாடம் சரக்குத் துறைக்கு வருது.”

கருவியை எடுத்தார். திரையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பொத்தான் இருந்த இடத்தில் விரலை வைத்து அமுக்கினார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் அமுக்கினார்.

“எங்க போச்சு மோளே? இப்பம் இங்கதானே இருந்துச்சு?”

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரை. நான் ஆசைப்பட்ட சுத்தம். அந்தத் திரையை வரைந்தவள் நான். பொத்தான் ஏன் மறைகிறது என்ற விதியை எழுதியவளும் நான். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. கருவி கெட்டுவிட்டது, சாகப்போகிறோம் என்று மட்டும்தான் தோன்றியது. அவரைப் போலவே நானும் அந்த வெற்றிடத்தைக் குத்திக்கொண்டிருந்தேன்.

அவர் துடுப்பை எடுத்தார். மறுபடியும் சங்கொலி. இம்முறை பக்கத்தில். மழைத் திரைக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று உயர்ந்து நின்றது. அதை நிமிர்ந்து பார்த்தபோது தலைக்கு மேலிருந்த தகரம் கண்ணில் பட்டது. கூரை! வானம் தெரியாமல் கருவி எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கும்?

மழையில் தவழ்ந்து வெளியே போய்க் கருவியை உயர்த்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சிவப்பு வந்தது. அமுக்கினேன்.

முன்னால் போன படகு எங்களைத் தேடித் திரும்பிக்கொண்டிருந்ததாம். செய்தி கிடைத்ததும் நேராக வந்து கயிற்றை வீசினார்கள். எங்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது, கப்பலின் துரு தெரியும் தூரத்தில் அந்த இரும்புச் சுவர் எங்களைக் கடந்தது. அலையில் படகு சாய்ந்தபோது நான் கத்தினேன். படகுக்காரர் கத்தவில்லை.

கரையில் சாயா குடிக்கும்போது அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “நான் எதையோ தப்பா அமுக்கி அழிச்சுட்டேன்னு நெனச்சேன் மோளே. ஒங்க சாமானத்தைக் கெடுத்துட்டேனேன்னு.”

“இல்ல சேட்டா, தப்பு என்னோடது” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது பொத்தான் எந்நேரமும் திரையில் இருக்கிறது. இடம் தெரியாதபோது சாம்பல் நிறமாகும். அமுக்கினால், ‘வானம் தெரியும்படி பிடியுங்கள்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் காட்டும். சத்தமாகச் சொல்லவும் செய்யும். அந்த வாசகத்தைப் படகுக்காரரிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன்.

அடுத்த சோதனைக்கு நான் போகவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்குப் போக இன்றும் படகில் ஏறுவதில்லை, பஸ்ஸில் சுற்றித்தான் போகிறேன்.