ஆண்கள் வார்டில் ஒரு சோஃபா

ஒரு ஆஸ்பத்திரி எங்கே போய்விடும்?

திரும்பி வந்த கவரைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியது. ‘இந்த முகவரியில் இல்லை’ என்று இங்கிலாந்துத் தபால்காரர் எழுதியிருந்தார். ஆளில்லை என்றால் புரிகிறது. ஆஸ்பத்திரியே இல்லையா?

கவர், ஸ்டெல்லா சிஸ்டர் தன் பழைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. இங்கே வளைகுடாவில், ஃபஹாஹீலில் எங்கள் மாடியில் குடியிருக்கும் நாகர்கோவில்காரர். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் பொது மருத்துவமனையில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவர். இங்கே புது கிளினிக்கில் வேலை தயார். பழைய அனுபவத்துக்கு உறுதிக் கடிதம் வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் வராவிட்டால் வேலை வேறு யாருக்கோ.

“நான் தேடித் தர்றேன் சிஸ்டர்!”

“தேடு தம்பி. எனக்கு நைட் டியூட்டி.”

இன்டர்நெட்டில் உட்கார்ந்தேன். ஏழைகள் விடுதியாகப் பிறந்த கட்டடமாம். போரில் அடிபட்ட சிப்பாய்கள் படுத்திருக்கிறார்கள். பிறகு ஊருக்கே பொது மருத்துவமனை. பக்கத்து ஊரில் பெரிதாக ஒன்று வந்ததும் வார்டு வார்டாகக் காலி. இப்போது... ஃபிளாட்! ‘வரலாற்றுச் சிறப்புமிக்க இரண்டு படுக்கையறை வீடு’ என்று விளம்பரம், படத்துடன்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, இது ஆண்கள் சர்ஜிக்கல் வார்டுல்லா! ஆறாம் நம்பர் பெட்டு இருந்த எடத்துல எவனோ சோஃபா போட்டிருக்கான்.”

கட்டடத்துக்கு வயதானால் விலை ஏறுகிறது. நர்ஸுக்கு வயதானால் ‘ப்ரூஃப் எங்கே?’

பழைய பதிவேடுகள் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருந்தன. எழுதினேன். அங்கிருந்த பெண்மணி பக்கம் பக்கமாகப் புரட்டி, சிஸ்டரின் பெயரைக் கண்டுபிடித்து, அழகான கடிதம் ஒன்றைக் கையெழுத்திட்டு அனுப்பினார். குதித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம்.

அங்கே பேப்பர் பார்க்கும் பாய் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

“சிக்னேச்சர் ஹை. ஸ்டாம்ப் மாஃபி.” கையெழுத்து இருக்கிறதாம், முத்திரை இல்லையாம்.

“பாய், அந்த ஊர்ல கையெழுத்தே போதும்...”

“ஸ்டாம்ப் மாஃபி, லெட்டர் மாஃபி. கலாஸ்.” அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அவரைக் குறை சொல்வானேன்? லீவ் லெட்டரிலிருந்து வாடகைப் பத்திரம் வரை, முத்திரையின் நீல மை படாத காகிதத்தை நம்மில் யார் நம்புகிறோம்?

காப்பகத்துக்கு மறுபடி மெயில். பதில் உடனே வந்தது: ‘எங்களிடம் முத்திரை எதுவும் இல்லை. வேண்டுமானால் உள்ளூர் வக்கீல் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தருகிறேன்.’

சிஸ்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த வக்கீல்கிட்டயாவது சீல் இருக்குமா தம்பி?”

இருக்கிறது நாள் பதினெட்டு. ரிஸ்க் எடுப்பதாக இல்லை. நாளைக் காலை ஒரு வெள்ளைத்தாளில் பெரிய வட்டம் போட்டு, ஸ்கேன் செய்து காப்பகத்துக்கு அனுப்பப் போகிறேன் — தயவுசெய்து, சீல் இதைவிடச் சின்னதாக வேண்டாம்!