கொசுக்கடி என்று நான் சொன்ன பொய்

நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான், அதுவும் எனக்குச் சரியாக வராத மொழியில். அதனால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூன்று நாள் மருத்துவமனையில் கையில் ஊசியோடு கிடந்தது. செய்யாத தவறுக்கு அதன் தாய் ஊர்ப்பேச்சு கேட்டாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் தன் எழுபத்திரண்டாம் வயதில் செய்த காரியம் இது.

மனைவி போன பிறகு திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு, மலேசியாவின் பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் மகள் கல்பனாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேத்தி இனியாவுக்கும் வயது நான்கு. காலையில் அவளைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அந்த வாசலில் நடக்கும் ஒன்று வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழந்தைகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கையை நீட்டுவார்கள். ஆசிரியை உள்ளங்கையைப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், வாயை 'ஆ' என்று திறக்கச் சொல்வார், பாதத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். நான் வேலை பார்த்த பள்ளியில் கையை நீட்டச் சொன்னால் பிரம்பு வரப்போகிறது என்று அர்த்தம். இங்கே அது கை கால் வாய் நோய்க்கான சோதனை. ஒரு குழந்தைக்கு வந்தால் வகுப்பு முழுக்கப் பரவும் என்பதால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அன்று காலை இனியாவின் உள்ளங்கையில் மூன்று சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். குதிகாலில் ஒன்று. உடம்பு லேசாகச் சுட்டது. எனக்குத் தெரிந்த கணக்கு அம்மைக் கணக்கு. அம்மை முகத்திலும் முதுகிலும் போடும், காய்ச்சல் கொதிக்கும், உள்ளங்கையில் தொடங்காது. எனவே இது அம்மை இல்லை, அம்மை இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பை நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் புள்ளிகளின் மேல் எதற்குப் பவுடர் பூசினேன்?

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது பெரிய காரணம் இல்லை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த தாவூத் என்ற நண்பர் அன்று மதியம் ராமநாதபுரத்துக்கே திரும்பிப் போகிறார். இந்த ஊரில் நான் உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். பேத்தி வீட்டில் தங்கிவிட்டால் நான் அவரை வழியனுப்பப் போக முடியாது.

வாசலில் ஆசிரியை இனியாவின் கையைப் பிடித்தார். பவுடரை விரலால் லேசாகத் தேய்த்தார். "இனி அபா, அங்கிள்?" என்றார். இது என்ன என்று மலாயில் கேட்கிறார்.

"ஞாமுக்," என்றேன். கொசு.

அவர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். நானும் ஆசிரியராக இருந்தவன் என்று அவருக்குத் தெரியும். "ஓகே லா, அங்கிள்," என்று சிரித்துக்கொண்டே குழந்தையை உள்ளே விட்டார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நான் பேருந்து ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போய், தாவூத்தைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தேன்.

இனியாவுக்கு மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள், எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஸ்டெல்லாவின் மகன், அதே காப்பகத்துக்குப் போகும் ஜெரோம், நோயில் விழுந்தான். ஸ்டெல்லா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, அவளுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. குழந்தையின் வாய் முழுக்கப் புண். எச்சில்கூட விழுங்க முடியாமல் உடம்பில் நீர் வற்றி, மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள்.

காப்பகத்தைப் பத்து நாள் மூடினார்கள். முதலில் தெரிந்த நோயாளி ஜெரோம் என்பதால், கொண்டுவந்தவனும் அவனே என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு முடிவு செய்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் கல்பனாவும் சொன்னாள்: "கொஞ்சமாவது பொறுப்பு வேணாமாப்பா? புள்ளைக்கு முடியலன்னு தெரிஞ்சும் அனுப்பியிருக்கா பாருங்க." நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

காப்பகம் திறந்த பிறகு ஸ்டெல்லா மகனை அங்கே அனுப்பவில்லை. பொழுது விடியும்போதே அவனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போவாள். ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் காத்திருக்கும் அக்காவிடம் அவனைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஃபெர்ரியில் தீவுக்குத் திரும்பி வேலைக்குப் போவாள். மாலையிலும் அதே அலைச்சல். ஒருநாள் மின்தூக்கியில் பார்த்தேன். தோளில் கிடந்த பையனின் கை குச்சி போல இருந்தது. "புண்ணு ஆறிடுச்சு அங்கிள். ஆனா ஸ்பூனைப் பார்த்தாலே கத்துறான். வெறும் பால்தான்," என்றாள். நான், "சரியாகிவிடும்மா," என்றேன். அந்த ஆறுதலைத்தான் முதல் பொய்யைவிடக் கேவலமானதாக இன்றும் நினைக்கிறேன்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் என் தங்கைக்கு அம்மை போட்டிருந்த நாட்கள் அப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தன. அம்மா செய்த முதல் வேலை வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகியதுதான். அதைப் பார்த்ததும் பால்காரர் வாசலுக்கு வெளியே வைத்த பாத்திரத்தில் பாலை ஊற்றிவிட்டுப் போவார். தபால்காரர் படியில் கடிதத்தை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். நோய் இருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று வீடே தெருவுக்குச் சொல்லிவிடும். அதில் யாருக்கும் வெட்கமில்லை. அம்மா நான்காம் வகுப்பைத் தாண்டாதவள். அவளுக்குத் தெரிந்த மரியாதை பட்டம் வாங்கிய மகனுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இனியாவுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பெயர்ந்து, காய்ந்த செதில் போல் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து விரலிலும் அப்படியே. இந்த நோய் வந்துபோன பல வாரங்களுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு நகம் உதிரும், வலிக்காது, புதிது முளைக்கும் என்று ஜெரோமின் மருத்துவர் சொன்னதை ஸ்டெல்லா அந்தக் குழுவில் எழுதியிருந்தாள். கல்பனா அதை வாசித்துக் காட்டியிருந்தாள். நகத்தைக் கல்பனா பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

எழுந்து போய் அவளுடைய நகப்பூச்சுப் புட்டியை எடுத்துவந்தேன். ஆம், அதையும் செய்தேன். மூடியைத் திறந்தபோது இனியா குதூகலமாகப் பத்து விரல்களையும் என் முன்னால் விரித்தாள். "தாத்தா, ரெட் வேணாம். பிங்க்!" என்றாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கல்பனாவைக் கூப்பிட்டு நகத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இனியாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அவள நான் என்னென்ன பேசினேன் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் கீழே இறங்கிப் போனேன்.

ஸ்டெல்லா இரும்புக் கிராதிக் கதவைத் திறந்து, "வாங்க அங்கிள்," என்றாள். நான் வெளியே நின்றே சொன்னேன்.

"தெரிஞ்சேவா அனுப்பினீங்க?"

"சந்தேகம் இருந்தது. பவுடர் பூசி மறைத்தேன்."

"எம்புள்ள தாகத்துல அழுதான் அங்கிள். தண்ணி காட்டினா அதுக்கும் அழுதான்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு மாசமா மேல வீட்டுலதானே இருந்தீங்க? எத்தனை வாட்டி லிஃப்டுல பார்த்தோம்?"

பையனை நான் பார்த்துக்கொள்கிறேன், கடல் தாண்டி அலைய வேண்டாம் என்றேன். "தேவையில்ல," என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கல்பனாவை மொழிபெயர்க்கச் சொல்லி அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் என் பெயரைப் போட்டே எழுதச் சொன்னேன். ஒருவர் நன்றி என்று எழுதினார். இன்னொருவர், படித்த கிழவரே இப்படியா என்று எழுதினார். இனிமேல் இனியாவைப் பெற்றோர்தான் கொண்டுவர வேண்டும், தாத்தா வரக்கூடாது என்று காப்பகம் சொல்லிவிட்டது. நியாயம்தான். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வருத்தம் சொல்லி, பையனை மறுபடி அனுப்பச் சொன்னார்களாம். அவள் அனுப்பவில்லை.

எட்டு நாள் கழித்து, நல்ல மழை பெய்த ஒரு காலையில் எங்கள் வீட்டு மணி அடித்தது. ஸ்டெல்லா நின்றாள், இடுப்பில் ஜெரோம்.

"அக்காவுக்கு முடியல. எனக்கு மிச்சம் லீவும் இல்ல," என்றாள். "அந்த ஸ்கூல்ல எல்லாரும் என்னைப் பேசினாங்க, ஒருத்தரும் வீடு தேடி வரல. நீங்க வந்தீங்க. அதுக்காக நல்லவரு ஆயிட்டீங்கன்னு நினைக்காதீங்க."

"நினைக்கவில்லை அம்மா."

"ஊட்ட ட்ரை பண்ணாதீங்க. கத்துவான்."

நான் ஊட்டவில்லை. எங்கள் ஊரில் நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்குக் குளிர்ந்ததைக் கண்ணில் காட்ட மாட்டோம். இங்கே மருத்துவர் ஐஸ்கிரீமே கொடுக்கச் சொல்கிறார். தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து, குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, தரையில் கிண்ணத்தோடு வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் செய்தித்தாளைப் பிரித்தேன். கரண்டி வைக்கவில்லை. முதல் நாள் அவன் தொடவே இல்லை. இரண்டாம் நாள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தான். நான்காம் நாள் ஒரு பருக்கையை நாக்கில் வைத்து, வலி வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னொரு பருக்கை எடுத்தான். கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆனால் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக்கோடுகள் உடனே விழுந்தன.

இப்போது மூன்று மாதங்கள் ஆகின்றன. ஜெரோமின் கன்னம் உப்பிவிட்டது. மீன் குழம்பு கேட்கிறான், நான் சைவம் என்று சொன்னால் அவனுக்குப் புரிவதில்லை. இனியாவின் பழைய நகங்கள் எல்லாம் விழுந்து புதியவை முளைத்திருக்கின்றன. ஸ்டெல்லா என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்தால் மணியடித்துவிட்டுக் கிராதிக்கு வெளியிலேயே நிற்பாள், உள்ளே வரமாட்டாள்.

நேற்றும் அப்படித்தான் நின்றாள். ஜெரோம் ஒரு காலில் செருப்பை மாட்டி அந்தக் காலை வெளியே வைத்துவிட்டான். வெறுங்கால் இன்னும் உள்ளே இருந்தது. ஒரு கை அம்மாவின் பையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை என் வேட்டியை. இரண்டையும் விடாமல் நிலைப்படிமேல் நின்று, மற்ற செருப்பு எங்கே என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவசரமாகக் குனிந்து தேடினேன்.

"மெதுவா தேடுங்க அங்கிள்," என்றாள் ஸ்டெல்லா. "அவன் கொஞ்சம் நிக்கட்டும்."